பளபளப்பைக் கழற்று, தம்பி!

ஃப்ரெட் வைத்த பேஸ் கிட்டாரில் விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் சுரம் தப்பாது. நெக்கில் பதித்திருக்கும் உலோகப் பட்டை உன்னைக் காப்பாற்றிவிடும். அந்தப் பட்டைகளே இல்லாத ஃப்ரெட்லெஸ்ஸில் காப்பாற்ற ஆளில்லை. சரியாக ஒலித்தாலும் நீதான், அபசுரம் விழுந்தாலும் நீதான். இதைச் சொல்லித்தான் எல்லோரும் உன்னைப் பயமுறுத்துகிறார்கள். "முதலில் ஃப்ரெட்டில் ஒழுங்காகப் பழகு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" எந்தக் காலண்டரிலும் அச்சாகாத தேதி!

மேற்குத் தொடர்ச்சி மலை ஊரான காந்தலூரில் இருந்துகொண்டு, சர்ச் பாடகர் குழுவுக்கும் திருவிழா மேடைக்கும் விடுதி முற்றத்தில் நெருப்பு மூட்டி உட்காரும் சுற்றுலாக்காரர்களுக்கும் பேஸ் வாசிக்கிற உனக்கு இரண்டு துணிச்சல் வேண்டும். ஃப்ரெட்டை விடுவது முதலாவது. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது பளபளக்கும் ஒலியை விடுவது. எல்லோரும் வாங்கும் ரவுண்ட்வவுண்ட் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் செட்டை மாட்டி, "என் பேஸ் இப்படித்தான் பேசும்" என்று நிமிர்ந்து நிற்பது. முதல் துணிச்சலைக் காட்டியவர்கள்கூட இரண்டாவதில் பின்வாங்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலில் உன் சுருதி பயத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுவோம். வழக்கமான பேஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். அதில் முதல் அரைச்சுரத்துக்கு உனக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். மேலே 12-ஆவது ஃப்ரெட் இருக்க வேண்டிய கோட்டுக்குப் போன பிறகும் ஓர் அரைச்சுரத்துக்கு 24 மில்லிமீட்டர் இருக்கிறது. வயலின் வாசிப்பவருக்கு முதல் அரைச்சுரத்துக்கே 18 மில்லிமீட்டர்தான்! அந்த இடுக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்யாணியும் தோடியும் வாசிக்கிறார்கள். உனக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு மைதானம் கிடைத்திருக்கிறது. விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைத்துப் பழகியவன் கோட்டின் மேலேயே வைக்கப் பழக வேண்டும். மாறுவது அவ்வளவுதான். இதற்கா இத்தனை நடுக்கம்?

மெட்டு, அதாவது ஃப்ரெட், இல்லாத வாத்தியம் நமக்குப் புதிதும் இல்லை. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தில், மெட்டே இல்லாத தந்திகள்மேல் கட்டையை வழுக்கவிட்டு ராகத்தை எழுப்பினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் கற்றவர். பாடகர் ஒருவர் பாட்டுப் பாடம் கேட்டு மெட்டில்லாத வாத்தியக்காரரிடம் போயிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதேபோல் மெட்டில்லாத ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் கமகத்தைத் தொட்டில் பருவத்திலிருந்து கேட்ட காது உன் காது. வெளிநாட்டில் ஃப்ரெட்லெஸ் பழகுகிறவன் வருஷக்கணக்கில் தேடுவதை நீ தலையின் இரண்டு பக்கமும் சுமந்துகொண்டு நடக்கிறாய்.

சரி, ஸ்ட்ரிங்குக்கு வருவோம்.

பேஸ் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அதன்மேல் வேறு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வெளிச்சுற்று உருண்டைக் கம்பியாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட், தட்டையான உலோக நாடாவாக இருந்தால் ஃபிளாட்வவுண்ட். நகத்தால் நெடுக வருடிப் பார்: முதலாவது கரகரக்கும், இரண்டாவது சத்தமில்லாமல் வழுக்கும். வயலின், செல்லோ ஸ்ட்ரிங்குகளிலும் வெளிச்சுற்று தட்டையானதுதான். வில்லும் வழுக்குகிற விரலும் மேடு பள்ளத்தைத் தாங்காது.

ஃபிளாட்வவுண்டில் மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும், அடிச்சுரம் முன்னால் வந்து நிற்கும். ஃப்ரெட்லெஸ்ஸிலோ கம்பியை நிறுத்துவது உலோகப் பட்டை கிடையாது, உன் விரலின் சதை. சதை கூர்மையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டும் சேரும்போது வருகிற ஒலி, ஜாஸ்காரர்கள் நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய டபுள் பேஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உருண்டையாக, கதகதப்பாக, அவசரமில்லாமல். விரல் இழுபடும் கீச்சுச் சத்தம் கிடையாது. ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டில் ரவுண்ட்வவுண்ட் அரம்போல் ராவிக் கோடு கிழிக்கும். ஃபிளாட்வவுண்ட் அந்த மரத்தைப் பல வருஷம் விட்டு வைக்கும்.

"ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வவுண்டில்தானே வாசித்தார்?" என்று கேட்பாய். கேள், கேட்க வேண்டிய கேள்விதான். 1962-ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகள் இருந்த பள்ளங்களை நிரப்பி, ஸ்ட்ரிங் மரத்தைத் தின்றுவிடாமல் இருக்கப் படகுக்குப் பூசும் எபாக்ஸியை அதன்மேல் பூசி, ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்டை மாட்டி, 1976-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வந்த முதல் ஆல்பத்தில் உலகத்து பேஸ்காரர்களையெல்லாம் உட்காரவைத்தார் மனிதர். அந்த உறுமல் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கேற்ற ஸ்ட்ரிங்கைத் தேர்ந்தார், ஸ்ட்ரிங்குக்கேற்ற பூச்சைத் தேடினார். அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நெஞ்சுரத்தை. ஸ்ட்ரிங் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜாக்கோவின் சத்தம் இருக்கிறது, வாசிப்பவர் யாரென்று தெரியவில்லை.

இப்போது ஜேம்ஸ் ஜேமர்சனைச் சொல்கிறேன், நன்றாகக் கேள். 1936-இல் தென் கரோலினாவில் பிறந்து, பதின்ம வயதில் டெட்ராய்ட் வந்து, பள்ளிக்கூடத்தில் டபுள் பேஸ் கற்றவர். 1959-இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பாட்டுக்குப் பாட்டு பேஸ் வாசித்தார். கையில் 1962 ஃபெண்டர் பிரிசிஷன். அதில் ஃப்ரெட் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஸ்ட்ரிங் லா பெல்லா ஃபிளாட்வவுண்ட், அதுவும் உருட்டுக்கட்டைபோல் தடித்த செட். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கடியில் ஸ்பாஞ்சு வைத்து ஒலியை இன்னும் அடக்கியிருந்தார். வலது கையில் மீட்டியது ஒரே ஒரு விரலால்! ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய ஸ்ட்ரிங்கில், அமெரிக்காவை ஆடவைத்தார்.

அவர் பெயர் ஆல்ப உறைகளில் வரவில்லை. வருஷக்கணக்கில் வரவில்லை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் மோட்டவுன் அவர் பெயரை அச்சிட்டது. அதுவரை அவர் என்ன செய்தார்? பெயர் வரவில்லை என்று ஸ்ட்ரிங்கை மாற்றிச் சத்தத்தைப் பளபளப்பாக்கி "நான் இங்கே இருக்கிறேன்" என்று கூவினாரா? பாட்டு நிற்பதே தன் தோளில் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தவன் கூவ மாட்டான். 1983-இல் இறந்தார். 2000-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இன்று உலகத்தில் எந்த ஸ்டூடியோவுக்குப் போய் "பழைய மோட்டவுன் சத்தம் வேண்டும்" என்றாலும் ஃபிளாட்வவுண்டைத்தான் தேடி எடுக்கிறார்கள். 1980-களில் ஃப்ரெட்லெஸ் ராஜாவாக இருந்த பினோ பலடினோவே, 2000-இல் வந்த டி'ஏஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்துக்கு பிரிசிஷனும் ஃபிளாட்வவுண்டுமாகத்தான் வந்து உட்கார்ந்தார்.

நம் பக்கம் வா. பண்ணைப்புரம் இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். அவர் வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸ் வெறும் தாளத்துணையாக இருக்கவில்லை. அதற்கென்று தனியாக ஒரு பாட்டையே நோட்டேஷனில் எழுதிக் கொடுத்தார், சசிதரன் வாசித்தார். ரஹ்மானின் பாடல்களுக்கு வாசித்த சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸின் ஃப்ரெட்லெஸ்ஸைக் கேட்டுத்தான் நம் பையன்களில் பலர் அந்த வாத்தியத்தின் பெயரையே தெரிந்துகொண்டார்கள். டீக்கடையில் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டுகிறவரிடம் போய் பேஸ் யார் என்று கேட்டால் விழிப்பார். விழிக்கட்டும். அவர் தலை ஆடியதல்லவா, அது யாருடைய வேலை?

உன் ஊருக்குப் பூண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பக்கத்துக் கூடையில் கிடக்கும் வெள்ளை வெளேரென்ற பெரிய பூண்டோடு பார்த்தால் அது சின்னது, நிறம் மங்கல். எண்ணெயில் விழுந்தால்தான் காரம் தெரியும். ஃபிளாட்வவுண்டும் கடை மேஜையில் தோற்கும், குழம்பில் ஜெயிக்கும்.

அந்தக் கடை மேஜை இப்போது உன் சட்டைப்பையில் இருக்கிறது. போனில் வீடியோ பார்த்து ஸ்ட்ரிங் தேர்ந்தெடுக்கிறாயே, அதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை! பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங் திறந்து ஒலிக்கும்போது நொடிக்கு 41 அதிர்வு. அந்த 41-ஐ உன் போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அதில் உனக்குக் கேட்பதெல்லாம் மேற்சுரங்கள். மேற்சுரம் அதிகமுள்ள ரவுண்ட்வவுண்ட்தான் போனில் ஜெயிக்கும், ஆயிரம் தடவை ஒப்பிட்டாலும் அதுவே ஜெயிக்கும். ஃபிளாட்வவுண்டின் சொத்து முழுவதும் போனுக்கு எட்டாத அடித்தளத்தில் கிடக்கிறது. நீ கேட்காத ஒன்றை நிராகரித்துவிட்டு "எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறாய். உன் காதை நம்பு என்று சொல்ல வருகிறேன். அதற்கு முன் உன் காதுக்கு அந்த ஒலி வந்து சேர வேண்டும். நல்ல ஹெட்போனாவது மாட்டு. முடிந்தால் ஆம்ப் வைத்திருக்கும் ஆளின் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து கேள்.

இனி எந்த செட் என்பதைப் பார்ப்போம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஃபிளாட்வவுண்ட் என்றால் எல்லாம் ஒன்று கிடையாது. ஜேமர்சன் மாட்டிய மாதிரித் தடித்த, இழுவிசை அதிகமான செட் "தும்" என்று விழும், அடுத்த அடிக்கு வழிவிட்டு அடங்கும். ஃப்ரெட்லெஸ்ஸுக்கே உரிய அந்த "ம்வா" என்ற பாட்டு அதில் குறையும். கம்பி மரத்தின்மேல் மெல்ல உரசித் துடிப்பதால் வருவது அந்தப் பாட்டு. விறைத்த கம்பி அப்படித் துடிக்காது. உனக்குப் பாட்டு வேண்டுமென்றால் இழுவிசை குறைந்த செட்டைப் பார். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட் செட்டில் நான்கு ஸ்ட்ரிங்கும் .043, .056, .070, .100 அங்குலத் தடிமன். விரலுக்கு மெத்தென்று இருக்கும், நீண்டு பாடும். விலையைப் பார்த்தால் உனக்கு மூச்சு நிற்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். டடாரியோ குரோம்ஸ் நடுவழி: ஃபிளாட்வவுண்டுகளில் கொஞ்சம் வெளிச்சம் உள்ளது, ரவுண்ட்வவுண்டிலிருந்து வருகிறவருக்கு அதிர்ச்சி குறைவு. முதல் ஃப்ரெட்லெஸ்ஸுக்கு லைட் கேஜ் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. தடித்த செட் வைத்தால்தான் ஆம்பிளை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சைப் பேசுகிறவனின் வாசிப்பை ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்.

ஸ்லாப்தான் உன் உயிர் என்றால், கட்டைவிரலால் அறைந்து டிங் டிங் என்று தெறிக்கவிட்டால்தான் தூக்கம் வரும் என்றால், உனக்கு ஃபிளாட்வவுண்ட் வேண்டாம். மரியாதையாகச் சொல்கிறேன். அதுவும் ஒரு தேர்வு, அதையும் தலைநிமிர்ந்து செய்.

"விலை இரண்டு மடங்காயிற்றே" என்று முனகாதே. ரவுண்ட்வவுண்டின் சுற்றுகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் புகுந்து சில மாதங்களில் அதன் ஜொலிப்பைக் கொன்றுவிடும். நீ மறுபடி வாங்குவாய், மறுபடி வாங்குவாய். ஃபிளாட்வவுண்டில் அழுக்கு நுழைய இடுக்கு குறைவு. வருஷங்கள் வரும், பழக்கத்தில் இன்னும் பதமாகும். வாசித்து முடித்ததும் ஒரு துணியால் துடைத்தால் போதும்.

மாட்டும்போது கைப்பதற்றம் வேண்டாம். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்று. நீளம் அதிகமென்று வெட்டப் போகிறாயா? முதலில் 90 டிகிரி மடக்கு, பிறகு மடக்குக்கு அப்பால் வெட்டு. மடக்காமல் வெட்டினால் வெளிநாடா நழுவிச் சுருள் பிரிந்து, புது ஸ்ட்ரிங் பிறக்கும்போதே செத்துவிடும். இழுவிசை மாறினால் நெக் வளையும். டிரஸ் ராடை ஆலன் கீயால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பார். மழைக்காலத்தில் உன் ஊர்ப் பனிமூட்டத்துக்கு மரம் ஊறும், வெயில் மாதங்களில் இறுகும், ஆகவே சுவரோரம் சாத்திவைக்காமல் பெட்டியில் வை. இதெல்லாம் யாரோ ஒரு நிபுணருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைக்காதே. கவாத்துக் கத்தியும் சொட்டுநீர்க் குழாயும் பிடித்த கை ஆலன் கீயைக் கண்டு நடுங்குமா?

அப்புறம் "மேடையில் உன் பேஸ் தனியாகத் தெரியவில்லையே" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், உடனே ரோஷப்படாதே. சின்ன ஆம்பில் ஃபிளாட்வவுண்ட் கொழகொழவென்று போகும். பேஸ் குமிழைக் குறை, மிட்டை ஏற்று. நெக் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் கதகதப்பு கூடும், பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து மீட்டினால் பேச்சு தெளியும். இந்தச் சில அங்குல நகர்வுக்குள் நான்கு வாத்தியம் ஒளிந்திருக்கிறது. அப்படியும் தெரியவில்லை என்றால் ஒரே ஒரு பாட்டில் நடுவில் வாசிப்பதை நிறுத்து. பாடுகிறவர் திரும்பி உன்னைப் பார்ப்பார். அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

தனியாகப் பழக ஆசிரியர் இல்லை, உடுமலையோ கோவையோ போனால்தான் உண்டு என்று உட்கார்ந்திருக்காதே. சுருதிப்பெட்டி இருக்கிறது, போனில் ஆப்பாகவும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போய் நில். சுரம் சேரவில்லை என்றால் இரண்டு ஒலிக்கும் நடுவே ஒரு நடுக்கம் கேட்கும். விரலை மயிரிழை நகர்த்த நகர்த்த அந்த நடுக்கம் மெதுவாகி நின்றுவிடும். நின்ற இடம் உன் இடம். டியூனரைப் பார்க்காதே, கோட்டைப் பார்க்காதே, கண்ணை மூடு. என் காதுக்கு ரவுண்ட்வவுண்டின் இரைச்சலில் அந்த நடுக்கத்தைப் பிடிப்பது கஷ்டம். ஃபிளாட்வவுண்டின் சுத்தமான அடிச்சுரத்தில் பளிச்சென்று பிடிபடும். சுருதி பயம் உள்ளவர்களுக்குத்தான் இந்த ஸ்ட்ரிங் முதலில் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

1986-இல் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' உலகமெல்லாம் ஒலித்தபோது, அதில் துள்ளிய ஃப்ரெட்லெஸ்ஸை வாசித்தவர் நிறவெறி ஆட்சியின் கீழிருந்த தென்னாப்பிரிக்காவின் கறுப்பினத்தவர், பகிதி குமாலோ. நியூயார்க்கில் பிறந்தால்தான் ஃப்ரெட்லெஸ் வரும் என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னாறு காட்டுக்கு மேலே, ஆப்பிள் தோட்டத்து ஊரில் இருக்கிறேன், என்னால் ஆகுமா என்று நீ இனி யாரிடமும் கேட்காதே. அனுமதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகம் எதுவும் இதற்கு இல்லை.

அடுத்த தடவை பூண்டு மூட்டையோடு உடுமலைக்கு இறங்கும்போது பேஸையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போ. அங்கிருந்து கோவைக்குப் போய், கடையில் உன் பேஸை ஆம்பில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, லைட் கேஜ் ஃபிளாட்வவுண்ட் ஒரு செட் வாங்கு. கழற்றிய ரவுண்ட்வவுண்டைச் சுருட்டிப் பத்திரப்படுத்து. ஒரு மாதம் சுருதிப்பெட்டியோடு வாசி. அதற்குப் பிறகும் உன் காது வேண்டாம் என்று சொன்னால் பழையதை மாட்டிக்கொள். அதுவரை வேறு யார் சொல்வதையும் கேட்காதே.